புவிக்கருவில் கந்தகம் இருக்கிறது, சரி, எவ்வளவு?

தாளடி நட்டு ஒரு மாதம் ஆகியும் பயிர் பச்சை கட்டாமல் வெளிறி நிற்கிறது, யூரியா போட்டும் எடுபடவில்லை என்றால், எங்கள் டெல்டா பக்கம் பெரியவர்கள் முதலில் ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார்கள். வேர் வெள்ளையாகவோ செம்பட்டையாகவோ இருந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. கன்னங்கரேலென்று இருந்து, முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், தண்ணீரை வடித்துவிட்டு வயலைக் கொஞ்சம் காயவிடச் சொல்வார்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடு என்பார்கள். அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடு. நாள்கணக்கில் தண்ணீர் தேங்கிய சேற்றுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, அங்கே வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டை வைத்துக் காலம் தள்ளுகின்றன, அதில் மிஞ்சுகிற ஹைட்ரஜன் சல்பைடு வண்டலில் இருக்கும் இரும்போடு சேர்ந்த உடனே மண் கறுக்கிறது. இப்படிப்பட்ட வயலுக்கு அம்மோனியம் சல்பேட் போடாதே என்று சொல்வதும் இதனால்தான். பிடுங்கிய தூரை வரப்பில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வந்து பாருங்கள், கறுப்பு மங்கித் துருநிறம் ஏறியிருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு கந்தகத்தை விட்டுவிட்டு ஆக்சிஜனோடு போய்விடுகிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றில் இதே வேலை இன்னும் பெரிய அளவில் நடக்கிறது, கடல் தண்ணீரில் சல்பேட்டுக்குப் பஞ்சமில்லை.

இதே இரும்பும் இதே கந்தகமும் நம் காலடியில் 2,890 கிலோமீட்டருக்குக் கீழே என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பது 70 வருடத்துக்கு மேலாக இழுபடும் வழக்கு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கந்தகம் அங்கே இருக்கிறது, அதில் பெரிய தகராறு இல்லை, ஆனால் ஒரு காலத்தில் நினைத்த அளவுக்கு இல்லை. அழுத்தம் ஏற ஏற இந்த ஜோடி தன் குணத்தையே மாற்றிக்கொள்கிறது. அந்தக் குணமாற்றத்தைப் படிப்படியாக அளந்து பார்த்ததில்தான் கந்தகத்தின் பங்குக்கு ஒரு வரம்பு கிடைத்தது.

முதலில், அங்கே என்ன இருக்கிறது என்று யாருக்கு எப்படித் தெரியும்? தோண்டிப் பார்க்க வழியில்லை. டெல்டாவில் ஆழ்துளை என்றாலே நரிமணம், குத்தாலம் எண்ணெய்க் கிணறுகள்தான் நினைவுக்கு வரும். அவை போவது சில கிலோமீட்டர், அதுவும் காவிரி கொண்டுவந்து போட்டதும் அதற்கு முன்னால் கடல் போட்டதுமான படிவங்களுக்குள்ளேதான் பெரும்பாலும். ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் ஆராய்ச்சிக்கென்றே போட்ட துளை 1989-ல் 12,262 மீட்டரில் நின்றது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். கணக்கு உங்களுக்கே புரியும்.

ஆனால் எடை பொய் சொல்லாது. 1798-ல் ஹென்றி கேவண்டிஷ் பூமியின் சராசரி அடர்த்தியை அளந்தபோது தண்ணீரைப்போல 5.45 மடங்கு என்று வந்தது, இன்றைய மதிப்பு 5.51. மேலே கிடக்கும் பாறையோ 2.7 மடங்குதான். அப்படியென்றால் உள்ளே ரொம்பக் கனமான ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். அது எங்கே தொடங்குகிறது என்பதை நிலநடுக்க அலைகள் காட்டிக்கொடுத்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்து 1897 அசாம் நிலநடுக்கத்தை அலசி ஆராய்ந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டம், 1906-ல் பூமிக்குள் தனியாக ஒரு கரு இருக்கிறது என்று காட்டினார். சில வருடங்களில் நிலநடுக்க ஆய்வாளர் குட்டன்பெர்க் அதன் ஆழத்தைச் சொன்னார், 1926-ல் ஜெஃப்ரீஸ் அது திரவம் என்றார், 1936-ல் டென்மார்க்கின் இங்கெ லேமன் அந்தத் திரவத்துக்குள்ளே இன்னொரு கரு இருப்பதைக் கண்டுபிடித்தார். 5,150 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் அந்த உட்கரு திடம், சுற்றியுள்ள வெளிக்கரு திரவம்.

அலை போகும் வேகத்தை மட்டும் வைத்து அடர்த்தியைச் சொல்லிவிட முடியாது. அதற்குப் பூமி முழுதும் ஒன்றாக அதிர வேண்டும், அப்படி அதிர வைப்பது மிகப்பெரிய நிலநடுக்கங்கள் மட்டுமே. 2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்கு சுமத்ராவை ஒட்டிக் கடலடி பிளந்தது அப்படி ஒன்று. அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் அந்தக் கணக்கைப் பற்றி நான் எழுதித் தெரிய வேண்டியது யாருக்கும் எதுவும் இல்லை. அதே நிலநடுக்கத்தால் பூமி மொத்தமும் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்கு அளவுக்கு, உப்பிச் சுருங்கிக்கொண்டிருந்தது, வாரக்கணக்கில். நாம் யாரும் உணரவில்லை, கருவிகள் பதிவு செய்தன. இந்த மாதிரி அதிர்வுகளின் கால அளவு உள்ளே எந்த ஆழத்தில் எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்தது. எனவே அதிர்வை அளந்தால் அடர்த்தி கிடைக்கும். பழைய நிலநடுக்கங்களை வைத்து 1981-லேயே ஆடம் ஜிவான்ஸ்கியும் டான் ஆண்டர்சனும் போட்ட அடர்த்திப் பட்டியல்தான் இன்றைக்கும் எல்லோரும் கையில் வைத்திருப்பது. வெளிக்கருவின் மேல்மட்டத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 9.9 கிராம், அடியில் 12.2, உட்கருவில் 12.8-லிருந்து 13.1 வரை.

இந்த எண்களைப் பார்த்ததும் இரும்பு என்று சொல்லத் தோன்றும், தோன்றியது. அவ்வளவு அழுத்தத்தில் இறுக்கினால் இரும்பு இந்த அடர்த்தியை நெருங்கும், விண்வெளியிலும் இரும்புக்குக் குறைவில்லை. ஹார்வர்டில் இருந்த ஃபிரான்சிஸ் பிர்ச் 1952-ல் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். இரும்பு சரிதான், ஆனால் சுத்த இரும்பாக இருந்தால் வெளிக்கரு இன்னும் கனமாக இருந்திருக்க வேண்டும், ஏறக்குறைய 10 சதவீதம் எடை குறைகிறது. இன்றைக்குச் சிலர் கணக்கில் இந்தக் குறை அதைவிடக் கொஞ்சம் கம்மி, உட்கருவில் 3 முதல் 5 சதவீதம்தான், ஆனால் குறை இருப்பது உறுதி. இரும்போடு ஏதோ இலேசான தனிமம் கலந்திருக்கிறது. எது? பிர்ச் நல்ல நக்கல்காரர். அதே கட்டுரையின் அடிக்குறிப்பில், பூமியின் உட்புறத்தைப் பற்றி எழுதும்போது சொற்களும் அழுத்தத்தில் உருமாறிவிடும் என்று எச்சரித்து ஒரு குட்டி அகராதியே போட்டிருக்கிறார். ‘நிச்சயமாக’ என்று இருந்தால் சந்தேகம் என்று படிக்க வேண்டுமாம். ‘சுத்த இரும்பு’ என்றால் எல்லாத் தனிமமும் கலந்த ஏதோ ஒரு கலவையாம். இந்தத் துறையில் வரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடிக்குறிப்புதான் நினைவுக்கு வரும்.

கந்தகத்தின் மேல் முதலில் சந்தேகம் விழுந்தது சும்மா இல்லை. விண்கற்களை அறுத்துப் பார்த்தால் இரும்புப் பரப்பின் நடுவே பித்தளை நிறத்தில் உருண்டை உருண்டையாக ஒரு கனிமம் இருக்கும், டிராய்லைட் என்று பெயர், ஒரு இரும்புக்கு ஒரு கந்தகம். இரும்பு விண்கற்களில் பல, ஏதோ ஒரு காலத்தில் உடைந்துபோன குட்டிக் கோள்களின் கருவிலிருந்து வந்தவை. அங்கே இருந்தால் இங்கேயும் இருக்கும்தானே. நம் மாநிலத்தில் 1857 பிப்ரவரி 28 அன்று, அன்றைய மதுரை மாவட்டத்தில் விழுந்து ‘பார்னல்லி’ என்று உலகப் பட்டியல்களில் பதிவான கல்விண்கல்லிலும் டிராய்லைட் உண்டு. அப்புறம் உருகும் வெப்பம். இரும்பு தனியாக உருக 1,538 டிகிரி வேண்டும், கந்தகம் சரியான விகிதத்தில் சேர்ந்தால் 988 டிகிரியிலேயே உருகிவிடும். கந்தகம் ஏறிய இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தால் விரிசல் விடுவதற்கும் உள்ளே சல்பைடு இப்படி முன்னதாகவே உருகுவதுதான் காரணம். பிஞ்சுப் பூமி சூடாகும்போது முதலில் உருகிக் கீழே வடிந்தது இந்தக் கலவையாகத்தான் இருக்கும் என்று நினைத்தது நியாயம்தான். மூன்றாவது, கருவுக்கு மேலே அதைச் சுற்றியிருக்கும் தடித்த பாறை அடுக்கான கவசத்தில் கந்தகம் ரொம்பக் குறைவு, 0.02 சதவீதத்தை ஒட்டித்தான். எங்கே போயிற்று? இரும்போடு கீழே இறங்கிவிட்டது.

சரி, இறங்கியது. இறங்கிய இடத்தில் வெளிக்கருவின் மேல்மட்டத்தில் அழுத்தம் 136 ஜிகாபாஸ்கல், உட்கருவின் எல்லையில் 330, நட்டநடுவில் 364. ஒரு ஜிகாபாஸ்கல் என்றால் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 10,000 மடங்கு, அப்படியானால் நடுவில் 36 லட்சம் மடங்கு. இதை ஒரு மேசை மேல் கொண்டுவந்துவிடலாம் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். 1958 வாக்கில் அமெரிக்கத் தேசிய அளவீட்டு நிறுவனத்தில் உருவான வைர அமுக்கியின் தத்துவம் ரொம்பச் சாதாரணம், அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது, ஆகவே விசையைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பரப்பைக் குறைத்துவிடு. இரண்டு வைரங்களின் நுனியைத் தட்டையாகத் தேய்த்து எதிரெதிரே வைக்கிறார்கள். 300 ஜிகாபாஸ்கலுக்கு மேல் போக வேண்டுமானால் அந்தத் தட்டை நுனி 30 மைக்ரான் போலத்தான் இருக்க வேண்டும், தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. நடுவில் ரீனியம் தகடு, அதில் ஒரு துளை, துளைக்குள் இரும்பும் இரும்பு சல்பைடும் கலந்த துகள், இரண்டு பக்கமும் வெப்பத்தைத் தடுக்க ஒரு மெல்லிய படலம். 30 மைக்ரான் வட்டத்தில் 330 ஜிகாபாஸ்கல் என்றால் அந்த நுனியில் மட்டும் எவ்வளவு விசை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 24 கிலோ எடைக்குச் சமம். கொள்முதல் நிலையத்தில் தூக்கிப் போடும் 40 கிலோ சிப்பத்தைவிடக் குறைவு! (சுற்றியுள்ள தகடும் கொஞ்சம் தாங்கிக்கொள்வதால் நிஜத்தில் கூடுதல் விசை வேண்டும், இருந்தாலும் கையால் திருகாணியைத் திருகியே ரொம்ப தூரம் போய்விடலாம்.) வைரம் ஒளியை விடும் என்பதால் இரண்டு பக்கமிருந்தும் லேசர் பாய்ச்சி உள்ளே சூடேற்றுகிறார்கள், எக்ஸ் கதிரையும் அதே வழியாக அனுப்பி அணு அடுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஜப்பானின் ஸ்பிரிங்-8 போன்ற பெரிய எக்ஸ் கதிர்க் கூடங்களில் இதற்கென்றே இடம் இருக்கிறது. 2010-ல் ஷிகேஹிகோ தாதேனோ, கெய் ஹிரோசே குழு சுத்த இரும்பை 377 ஜிகாபாஸ்கல், 5,700 கெல்வின் வரை கொண்டுபோனது, அதாவது பூமியின் மையத்தையே தாண்டி. வைரம் அடிக்கடி உடையும். உடைந்தால் அன்றைய சோதனை போயிற்று.

இந்தக் கருவிக்குள் இரும்பும் கந்தகமும் என்ன செய்கின்றன? ஒன்றுக்கு ஒன்று என்ற டிராய்லைட் அறை வெப்பநிலையிலேயே 3.4 ஜிகாபாஸ்கலில் அணு அடுக்கை ஒருமுறை மாற்றிக்கொள்ளும், 7-ஐ நெருங்கும்போது மறுபடியும். இது வரைக்கும் சாதாரணம். சுவாரசியம் அதற்குப் பிறகுதான். நம் மட்டத்தில் இரும்பு எவ்வளவுதான் கூடுதலாக இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்றைவிட இரும்பு அதிகமான சேர்மம் உண்டாகாது, மிச்ச இரும்பு தனியாக நிற்கும், சல்பைடு தனியாக நிற்கும். 14 ஜிகாபாஸ்கலில் மூன்று இரும்புக்கு இரண்டு கந்தகம் என்று ஒன்று பிறக்கிறது. 21-ல் மூன்று இரும்புக்கு ஒரு கந்தகம். கார்னெகி நிறுவனத்தின் யிங்வெய் ஃபெய் குழு 2000-ல் இதை வெளியிட்டபோது, ஆகா, புவிக்கருவின் கந்தகம் உட்கார்ந்திருக்கும் வடிவம் இதுதான் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். வெளிக்கருவின் மேல் எல்லை அழுத்தத்தைத் தாண்டியும் அது நிலையாக நின்றது. ஆனால் 2013-ல் ஹிரோசே குழுவினர் 250 ஜிகாபாஸ்கலுக்கு மேல் கொண்டுபோனபோது அது பிரிந்துவிட்டது, இரும்பு அதிகமான ஒன்று, கந்தகம் அதிகமான இன்னொன்று என்று இரண்டாக. உட்கருவின் எல்லை 330. அங்கே அந்தச் சேர்மத்துக்கு இடமே இல்லை.

இதற்கெல்லாம் காரணம் அணுவின் அளவு. மேலே இருக்கும்போது கந்தக அணு இரும்பின் அடுக்குக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பருமன், அதனால்தான் திட இரும்பு கந்தகத்தைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. அழுத்த அழுத்தக் கந்தகம் இரும்பைவிட வேகமாகச் சுருங்குகிறது, கருவின் அழுத்தத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிடுகின்றன, அப்போது இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ள முடிகிறது, எடையில் சில சதவீதம் வரைக்கும். மேலே சேர்மமாகப் பிணைந்துகொண்டவை கீழே கலப்புலோகமாகக் கலந்துபோகின்றன.

இதிலிருந்து கந்தகத்துக்கு எதிராக இரண்டு வாதங்கள் கிளம்பின. முதலாவது, உட்கரு எப்படி உண்டானது என்பதிலிருந்து. பூமி மெல்ல மெல்லக் குளிர்கிறது, திரவ இரும்பு அடியில் இறுகி உட்கரு வளர்கிறது, வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில். வேதாரண்யம் உப்பளத்தில் பாத்தியில் உப்பு பூத்து இறங்கும்போது மக்னீசியம் கலந்த கசப்புத் தண்ணீர் மேலே தங்கிவிடுவதைப்போல, இறுகும் இரும்பு தனக்கு ஒத்துவராததைத் திரவத்திலேயே விட்டுவிடுகிறது. அப்படி விடப்பட்ட இலேசான பங்கு மேலே கிளம்ப, அந்த ஓட்டமும் வெப்ப ஓட்டமும் சேர்ந்து பூமியின் காந்தப்புலத்தை நடத்துகின்றன. (காந்த நடுக்கோடு தென்கோடி வழியாகப் போவதால் நம் டெல்டாவில் திசைகாட்டி முள் சில டிகிரி மட்டும் சாய்ந்து கிட்டத்தட்டப் படுக்கையாகவே நிற்கும். அந்த முள்ளைத் திருப்புவது இந்தத் திரவ இரும்பின் ஓட்டம்தான்.) இப்போது அளவுக்கு வருவோம். திரவத்தில் கந்தகம் ஓர் எல்லையைத் தாண்டினால் குளிரும்போது முதலில் இறுகுவது இரும்பாக இருக்காது, கந்தகம் மிகுந்த சல்பைடாகிவிடும், அதன் அடர்த்தி உட்கருவுக்குப் பொருந்தாது. அந்த எல்லை நம் மட்டத்தில் 31 சதவீதம். அழுத்தம் ஏறினால் சரசரவென்று இறங்குகிறது. 2017-ல் யூகி மோரி, ஹிரோசே குழு 254 ஜிகாபாஸ்கலில் அளந்தபோது 6 சதவீதத்துக்கு வந்திருந்தது. உருக்கிய துகளைச் சட்டென்று குளிரவைத்து, அயனிக் கற்றையால் குறுக்கே சீவி, எந்தப் பகுதியில் எவ்வளவு கந்தகம் என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணி எடுத்த முடிவு இது. அந்த 10 சதவீத எடைக் குறையைக் கந்தகம் தனி ஆளாக ஈடுகட்ட வேண்டுமானால் அதுவும் 10 சதவீதத்தை ஒட்டி இருந்தாக வேண்டும். இந்த எல்லைக்குள் அது நடக்காது.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மை. உட்கருவுக்கும் வெளிக்கருவுக்கும் எல்லையில் அடர்த்தி ஏறக்குறைய 4.5 சதவீதம் தாண்டுகிறது. இரும்பு உறைவதால் மட்டும் வருவது இதில் பாதிகூட இல்லை. மிச்சம் வர வேண்டுமானால் இலேசான தனிமம் திரவத்தில் அதிகமாகவும் திடத்தில் குறைவாகவும் பிரிந்திருக்க வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டாரியோ ஆல்ஃபே, மைக் கில்லன், ஜெஃப் பிரைஸ் மூவரும் 2000-ஐ ஒட்டிய வருடங்களில் குவாண்டம் கணக்குகளால் காட்டியது என்னவென்றால், கந்தகமும் சிலிக்கனும் அப்படிப் பிரிவதில்லை, அளவில் இரும்புக்குச் சமமாகிவிட்டதால் திடத்திலும் திரவத்திலும் ஏறக்குறைய சரிபாதியாகப் பங்குபோட்டு உட்கார்ந்துவிடுகின்றன. ஆக்சிஜன்தான் சிறிய அணு, திட இரும்பில் அதற்கு இடம் பொருந்தாது, முழுக்கத் திரவத்தில் தங்கிவிடும். எனவே அந்தத் தாண்டலுக்கு ஆக்சிஜன் இல்லாமல் ஆகாது. சோதனைக்கூடமே இல்லாமல் கணக்கிலிருந்து வந்த வாதம் இது, எனக்கு இன்னும் இதுதான் எல்லாவற்றிலும் பலமானதாகத் தெரிகிறது.

அப்புறம் கருவுக்குச் சம்பந்தமே இல்லாத திசையிலிருந்து ஒரு சாட்சி, துத்தநாகம். சூரியனைச் சுற்றியிருந்த வாயு குளிர்ந்தபோது கந்தகமும் துத்தநாகமும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில்தான் திடமாகப் படிந்தன, ஆகவே பூமி ஒன்றை எந்த விகிதத்தில் இழந்ததோ மற்றதையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இழந்திருக்கும். துத்தநாகம் கருவுக்குள் அவ்வளவாகப் போவதில்லை, கவசத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிடலாம். 1996-ல் கெர்லிண்ட் டிரைபுஸும் ஹெர்பர்ட் பால்மேயும் இப்படிக் கணக்குப் போட்டு, கருவில் கந்தகம் 1.7 சதவீதம் என்றார்கள். வேறு கணக்குகளும் 2-ஐ ஒட்டித்தான் வருகின்றன. சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் கரு பூமியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, பூமியிடம் இருக்கும் மொத்தக் கந்தகத்தில் 95 சதவீதத்துக்கு மேல் அங்கேதான் கிடக்கிறது என்று அர்த்தம்.

ஆக, கந்தகம் 2 சதவீதம், ஆக்சிஜன் கொஞ்சம், மீதிக் குறைக்கு சிலிக்கன், ஹைட்ரஜன், கார்பன் மூன்றும் வரிசையில் நிற்கின்றன. சில வருடத்துக்கு ஒரு தடவை ‘பூமியின் மைய ரகசியம் அவிழ்ந்தது’ என்று செய்தி வரும், ஒருமுறை ஹைட்ரஜன், ஒருமுறை சிலிக்கன். ஆராய்ச்சிக் கட்டுரையைத் திறந்தால் இரும்போடு ஒரே ஒரு தனிமத்தை மட்டும் கலந்து பார்த்திருப்பார்கள். நிஜக் கரு அப்படி இருக்காது, ஐந்தும் ஒரே உலையில் இருக்கும்போது ஒன்று இன்னொன்றை வெளியே தள்ளும். உதாரணத்துக்கு, சிலிக்கனும் ஆக்சிஜனும் திரவ இரும்பில் ஒரே நேரத்தில் அதிகமாகக் கரைந்திருக்கச் சம்மதிக்காது. போதாக்குறைக்கு, இந்தச் சோதனைகளில் வெப்பநிலையைத் துகளின் ஒளியை வைத்துத்தான் அளக்கிறார்கள், நடுவில் இருக்கும் சூடு சில மைக்ரான் தள்ளி இருக்காது, வைரத்தின் கார்பனே சில நேரம் இரும்பில் கலந்துவிடும். அதனால் இரண்டு தனிமச் சோதனையில் வரும் எண்ணை நான் உச்சவரம்பாக மட்டும் படிப்பேன், விடையாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கந்தகத்துக்கு உண்மையிலேயே பெரிய வேடம் கிடைத்திருப்பது பக்கத்துக் கோளில். செவ்வாயின் கருவில் அழுத்தம் 20-ல் தொடங்கி 40 ஜிகாபாஸ்கல் வரைதான், மூன்று இரும்புக்கு ஒரு கந்தகம் என்ற அந்தச் சேர்மம் பிறக்கும் 21 ஜிகாபாஸ்கல் கச்சிதமாக இதற்குள் வருகிறது. 2018-ல் அங்கே இறங்கிய இன்சைட் கலம் செவ்வாய் நடுக்கங்களைக் கேட்டு, 2021-ல் கருவின் ஆரம் 1,830 கிலோமீட்டர் என்று காட்டியது. அவ்வளவு பெரிதென்றால் அவ்வளவு இலேசு. விண்கற்களை வைத்து எவ்வளவு தாராளமாகக் கந்தகத்தை ஒதுக்கினாலும் அந்த இலேசை விளக்க முடியாமல் முழித்தார்கள். 2023-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அலைகளை மறுபடி படித்து, கரு என்று நினைத்ததில் மேல் 150 கிலோமீட்டர் உருகிய பாறை, உலோகக் கரு 1,650 முதல் 1,675 கிலோமீட்டர்தான் என்றார்கள். கரு சுருங்கியதில் அடர்த்தி ஏறிக் கணக்கு கொஞ்சம் இறங்கிவந்தது. இப்போதும் கந்தகத்தோடு ஆக்சிஜனும் கார்பனும் ஹைட்ரஜனும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்தால்தான் செவ்வாயின் கணக்கு முடிகிறது, ஆனால் அங்கே பெரும்பங்கு கந்தகத்துடையது.